‘இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை’ என்று சொல்லும் முன்

கும்பகோணத்தில் ஒரு மொட்டைமாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், உரக்கடை வைத்திருப்பவர், வங்கி ஊழியர்கள் இருவர், மயிலாடுதுறையிலிருந்து ரயிலேறி வரும் கல்லூரி மாணவர், நான், இன்னும் ஓரிருவர். தண்ணீர்த்தொட்டியின் வெள்ளைச் சுவரில், விண்கப்பலில் கோள் கோளாகச் சுற்றும் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதையான ஸ்டார் ட்ரெக்கின் ஓர் எபிசோடு ஓடும். முக்கால் மணி நேரப் படம். இரண்டு மணி நேரப் பேச்சு. மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் உரக்கடைக்காரரைப் பார்க்க முடியாது. மற்ற மாதங்களில் அவர் குரல்தான் தெருமுனை வரை கேட்கும்.

அந்த மாடியில் மனக்கசப்பும் வந்திருக்கிறது. ஒருவர் ஐந்து மாதம் வராமலே இருந்தார். திரும்பிப் பார்த்தால் அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை கருத்து வேறுபாட்டால் வந்தவை அல்ல என்று தோன்றுகிறது. வாதிட்ட விதம் கோணலாக இருந்தது. 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி இன்று வரை வளர்ந்துகொண்டிருக்கும் கதை எந்தத் திசையில் போக வேண்டும் என்று பேசுவது நல்ல வேலை. நல்ல வேலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் தவறு, ‘இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை’ என்ற தீர்ப்போடு வாயைத் திறப்பது. தீர்ப்பு சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? இந்தத் தீர்ப்பு பழசும்கூட. 1987இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற புதுத்தொடர் வந்தபோது, முதல் தொடரின் கப்பல் தலைவன் கிர்க்கும் அவன் துணைவன், வல்கன் என்ற வேற்றுக்கோள் இனத்து ஸ்பாக்கும் இல்லாமல் ஸ்டார் ட்ரெக்கா என்றார்கள். 1993இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ வந்தபோது ‘ட்ரெக்’ என்று பெயரிலேயே பயணம் இருக்க, ஒரே இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தில் என்ன பயணம் என்றார்கள். இன்று புதிய தொடர்களைத் திட்டுகிறவர்களில் பலர் அந்த இரண்டையும்தான் பொற்காலம் என்கிறார்கள்.

இதற்குப் பதிலாக நாங்கள் பழகிக்கொண்ட கேள்வி: இந்த மாற்றத்தால் எது போயிற்று, எது வந்தது? டீப் ஸ்பேஸ் நைனையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கொரு புதுக் கோள் என்ற வியப்பு பெரும்பாலும் போய்விட்டது. அது உண்மையான இழப்பு, மறைக்க வேண்டியதில்லை. வந்தது என்ன என்பதை உரக்கடைக்காரர்தான் எங்களுக்குப் புரியவைத்தார். ‘கப்பல்காரன் ஒரு கோளில் நியாயம் சொல்லிவிட்டு அடுத்த வாரம் வேறு கோளுக்குப் போய்விடுவான். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் அப்படிப் போக முடியாது. ராத்திரி மடையை வெட்டிச் சண்டை போட்டாலும் விடிந்ததும் அதே வரப்பில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும்’ என்றார். செய்த காரியத்தின் விளைவோடு குடியிருக்க வேண்டிய கதை அது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. தொடரை வெறுத்த வங்கி நண்பர் அதன் பிறகும் வெறுத்தார். ஆனால் எதை வெறுக்கிறார் என்று அவரால் சொல்ல முடிந்தது.

அடுத்தது, பழையதின் உச்சியை எடுத்துப் புதியதின் நடுவயிற்றோடு ஒப்பிடுவது. மூலத்தொடரில் 79 எபிசோடுகள். நம் நினைவில் நிற்பவை பத்துப் பதினைந்து இருக்கும். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் கதை. அதைக் காப்பாற்ற அந்தத் தொடரின் உயிரான ரசிகர்கள்கூட முன்வருவதில்லை. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் இரண்டு சீசன்களும் தடுமாறின. மூன்றாவதில் மைக்கேல் பில்லர் கதைப்பொறுப்பேற்ற பிறகுதான் அது நிமிர்ந்தது. ஆகவே புதிய தொடரின் ஒரு சுமாரான எபிசோடை எடுத்து வைத்தால், எதிரே பழையதின் ஒரு சுமாரான எபிசோடை வைக்க வேண்டும். எண்ணிக்கையையும் மறக்கக் கூடாது. அன்று ஆண்டுக்கு 26 எபிசோடு எழுதினார்கள். இன்று பத்து. இருபத்தாறில் நான்கு சறுக்கினால் மறந்துபோகும். பத்தில் நான்கு சறுக்கினால் சீசனே போய்விடுகிறது. பாத்திரங்கள் சும்மா உட்கார்ந்து சீட்டாடும் எபிசோடுக்கும் இடம் கிடைப்பதில்லை. இன்றைய தொடர்களில் துணைப் பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை என்ற குறைக்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தவறைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி சொன்னதே வேதம், அதை மீறினால் துரோகம் என்று பேசுவது. அவர் போட்ட விதை இல்லாவிட்டால் எதுவும் இல்லை. மனிதகுலம் பசியையும் இனவெறியையும் கடந்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்ன அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் நாம் ‘மூலம்’ என்று கொண்டாடுவதில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. கிளிங்கான்கள் என்ற போர்க்குணம் கொண்ட வேற்றுக்கோள் இனத்தைக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் ஜீன் கூன். ஸ்பாக்கின் தாய் தந்தையரை நம் முன் நிறுத்திய கதை டி. சி. ஃபோன்டானா எழுதியது. விரல்களைப் பிரித்துக் காட்டும் வல்கன் வணக்கம், ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோய் சிறுவயதில் யூதர் வழிபாட்டில் கண்ட ஆசீர்வாதக் கைமுத்திரையிலிருந்து எடுத்தது. 1982இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் ராடன்பெரியின் பிடி தளர்த்தப்பட்டு அவர் ஆலோசகராக மட்டுமே வைக்கப்பட்டார். படத்தின் ராணுவச் சாயல் அவருக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்களைக் கேட்டால் இன்றும் பலர் முதலிடம் தருவது அந்தப் படத்துக்குத்தான். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் கப்பல் குழுவினருக்குள் சச்சரவு கூடாது என்று அவர் விதித்த விதியோடு எழுத்தாளர்கள் மல்லுக்கட்டினார்கள். அந்த விதி நல்லதா கெட்டதா என்று கேட்கலாம். அவர் சொன்னார் என்பதே விடையாகிவிடாது.

இதையொட்டியே நான்காவது: முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கதையை வீழ்த்திவிட்டதாக நினைப்பது. இதில் நானும் விழுந்தேன். ஒரு புதிய தொடர் பழைய தகவலை மாற்றிவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் குற்றப்பத்திரிகை படித்தேன். ஆசிரியர் குறுக்கே பேசவில்லை. 1966இல் ஒளிபரப்பான, ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே எடுக்கப்பட்ட இரண்டாவது பைலட்டை, அதாவது தொடருக்கு ஒப்புதல் வாங்க எடுத்த மாதிரி எபிசோடைப் போட்டார். முடிவுக்குச் சற்று முன்னால், சக்தி தலைக்கேறிய கேரி மிட்செல் தன் நண்பன் கிர்க்குக்கே கல்லறை எழுப்பும் காட்சியில் நிறுத்தினார். சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் அந்தக் கல் நின்றது. கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’. நாம் அறிந்த கிர்க்கின் பெயர் ஜேம்ஸ் டி. கிர்க். தொடக்கமே இப்படி! கிளிங்கான்களின் நெற்றி மேடு 1979 படத்தில் திடீரென்று முளைத்தது. அதற்குக் கதைக்குள் முறையான காரணம் சொல்ல 2005 வரை ஆயிற்று. அதுவரை யாரும் செத்துப்போகவில்லை.

முரண்பாடே பொருட்டில்லை என்று சொல்லவில்லை. பெயர் மாறுவது ஒரு வகை. பாத்திரத்தின் குணம் காரணமின்றி மாறுவது வேறு வகை. நம் ஊர்க்காரரையே பாருங்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் தேரழுந்தூரில் பிறந்தவர் கம்பர். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அவளைத் தீண்டவிடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை ஒரு படலமாகவே பாடினார். மூலத்திலிருந்து விலகினார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தள்ளியவர் உண்டா? விலகி எங்கே போனார் என்றுதான் பட்டிமன்றத்தில் பேசுகிறோம். அங்கும் பாட்டைச் சொல்லாமல் வாதத்தை வைத்தால் நடுவர் விடமாட்டார்.

அந்தப் பழக்கம் இங்கே தேவைப்படுகிறது, ஏனென்றால் இப்போது கோபம் இரவலாகக் கிடைக்கிறது. 2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’யைப் பற்றி ஒருவர் அனல் பறக்கப் பேசினார். எந்த எபிசோடில் என்று மாணவர் பணிவாகக் கேட்டார். அவர் பார்த்தது வெளிநாட்டு யூடியூப் விமர்சகரின் காணொளிகளை மட்டும். அந்த நாட்டு அரசியல் சண்டையின் ஒரு துண்டு அப்படியே கும்பகோணம் வந்து இறங்கியிருந்தது. டிஸ்கவரியைக் குறை சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. குழுவின் கதையாக இருந்ததை ஒருத்தியின் கதையாக்கியது, ஒவ்வொரு சீசனும் பேரழிவைத் தடுக்கும் ஓட்டமாகவே இருந்தது என்று சொல்லலாம், நானே சொல்வேன். கறுப்பினப் பெண்ணை ஏன் மையமாக வைத்தார்கள் என்பது காரணம் அல்ல. 1966லேயே உஹுரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி கப்பலின் கட்டுப்பாட்டுத்தளத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேடத்தை விட்டுவிட நினைத்த நிஷெல் நிக்கோல்ஸைத் தொடரச் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங் என்று நிக்கோல்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நடிகர்களையும் எழுத்தாளர்களையும் தனிப்பட்ட முறையில் ஏசுவது, முன்னோட்டத்தை வைத்து முழுத்தொடரை எடைபோடுவது, பார்க்காதவர் முன் முடிவைப் போட்டு உடைப்பது ஆகியவை தவறு என்று விளக்க வேண்டியதில்லை.

ரசிகர்களின் பலத்தைப் பற்றி ஒரு தப்புக்கணக்கு உண்டு. இரண்டாம் சீசனோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு கிளம்பியபோது டிரிம்பிள் தம்பதியர் முன்னின்று கடித இயக்கம் நடத்தினார்கள். மூன்றாம் சீசன் கிடைத்தது. ‘அன்று ரசிகர்கள் சொன்னார்கள், நிறுவனம் கேட்டது’ என்று இதை நீட்டி, இன்று கதையையும் நாம் சொல்லலாம் என்கிறார்கள். அந்தக் கடிதங்கள் கேட்டது தொடர் பிழைத்திருக்க வேண்டும் என்பதை. அப்படிக் கிடைத்த மூன்றாம் சீசனும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டு, பணமும் குறைக்கப்பட்டு, அதோடு நின்றது. உயிர் கொடுக்க ரசிகரால் முடிந்தது; நேரத்தையும் பணத்தையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

போன மாதம் டீப் ஸ்பேஸ் நைனின் ஆறாம் சீசனிலிருந்து, 1998இல் வந்த ஓர் எபிசோடு பார்த்தோம். நிலையத்தின் தளபதி சிஸ்கோ, தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரோமுலன்கள் என்ற மற்றொரு இனத்தைத் தன் பக்கம் இழுத்துவரப் பொய்ச் சான்று தயாரிக்கிறார், கொலைக்கும் உடந்தையாகிறார். நடந்ததையெல்லாம் தன் பதிவேட்டில் நம்மைப் பார்த்தே சொல்கிறார். படம் முடிந்ததும் மாணவர் எழுந்து நின்றார். ‘சார், இது அந்தக் கனவைக் கொன்றுவிட்டது. ஜெயிக்க வேண்டுமானால் பொய் சொல்லலாம் என்கிறார் தளபதி. இந்தக் கறையோடு வாழ முடியும் என்று அவர் வாயாலேயே சொல்கிறார்.’

ஆசிரியர் கடைசி அரை நிமிடத்தை மறுபடி ஓடவிட்டார். சிஸ்கோ அந்தப் பதிவை அழிக்கச் சொல்லும் இடம். ‘வாழ முடியும் என்றால் ஏன் அழிக்கிறார், தம்பி?’

மாணவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். ‘அழித்துவிட்டதால்தான் வாழ முடிகிறது, சார். அது இன்னும் மோசம்’ என்றார். ஆசிரியர் தன் நோட்டை எடுத்து, எபிசோடு எண்ணும் தேதியும் எழுதி, அதற்குக் கீழே மாணவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். மயிலாடுதுறை ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. உரக்கடைக்காரர் வண்டியை எடுக்கக் கீழே இறங்கினார். மாணவர் படியில் நின்று அடுத்த வாதத்தைத் தொடங்கியிருந்தார்.