கூழுக்குப் பாட்டில் வேண்டாம்

மகளுக்கு 6 மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழைப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிளின் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே புரையேறி அவள் முகம் சிவந்துவிட்டது. பதறிப்போனேன்.

அன்றே பாட்டிலை ஒதுக்கினேன். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, விளிம்பு மழுங்கிய சிறு கரண்டியால், சாய்த்தாலும் வழிந்தோடாத பதத்தில் ஊட்டினேன். முதலில் நாக்கால் வெளியே தள்ளினாள். நான்காம் நாள் தானே வாயைத் திறந்தாள். பாட்டிலின் கழுத்தில் காய்ந்த கூழ் எவ்வளவு தேய்த்தும் போகாது. எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பது எவ்வளவு எளிது!

அத்தை தேன் தொட்டு வைக்கச் சொன்னார். தேனில் பொட்டுலிசம் (botulism) என்ற கடும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை பச்சிளங்குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும், ஒரு வயதுவரை கூடவே கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். உப்பு, சர்க்கரையும் சேர்ப்பதில்லை. இனிப்புக்கு நன்றாக மசித்த வாழைப்பழம் கொடுக்கிறேன்.