கர்ப்பம் என்று சொன்னதும் வேலை போனது: நான் வழக்குப் போட்ட விதம்

லண்டனில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன கொஞ்ச நாளிலேயே ‘வேலைத்திறன் போதவில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். அது 2023. அநியாய வேலைநீக்க வழக்குக்கு அப்போது பொதுவாக 2 வருட சர்வீஸ் வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றுகூட ஆகவில்லை. மேனேஜர் அதைச் சொல்லியும் காட்டினார். ஆனால் கர்ப்பம் காரணமாக நீக்கினால் அந்தக் கணக்கு செல்லாது. 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் வரும் பாகுபாடு வழக்குக்கும் சர்வீஸ் தேவையில்லை.

வழக்குப் போட அப்போது இருந்த கெடு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள், வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிய வேண்டும். அவர்கள் தரும் சான்றிதழ் எண் இல்லாமல் வேலைத் தீர்ப்பாயம் வழக்குப் படிவத்தை ஏற்காது. கட்டணம் கிடையாது, 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கை கொடுத்தது வேறொன்று. என்னைப் பற்றிய தகவல்களைக் கேட்டு கம்பெனிக்கு எழுதினேன். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். வந்த மின்னஞ்சல்களில், நான் விஷயத்தைச் சொல்லும்வரை பாராட்டுதான். குறையெல்லாம் அதற்கு அப்புறம். கர்ப்பிணியை நீக்கினால் கேட்காமலே எழுத்தில் காரணம் தர வேண்டும், அதையும் தரவில்லை.

படிவத்தில் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு, தேதிவாரியாக நடந்ததை மட்டும் எழுதினேன். விசாரணைக்கு முன்பே ஏகாஸ் வழியாகச் சமரசத்துக்கு வந்தார்கள். பணத்தோடு ஒரு நல்ல ரெஃபரன்ஸ் கடிதமும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். அடுத்த வேலைக்கு அதுதான் உதவியது.