சம்பளச் செய்தி சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டச் சம்பளப் பேச்சு கிளம்பினால் போதும், ஹட்டன், பதுளை, மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு செய்தி சொல்ல வந்துவிடுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் முன்பு பத்திரிகைகள் விட்ட அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் விடுகிறார்கள். பழைய படத்தைப் போடுவது, அமைச்சர் பெயரை மாற்றிச் சொல்வது எல்லாம் கமெண்டிலேயே திருந்திவிடும். கணக்கில் விடும் பிழை அப்படித் திருந்தாது.

நாள் சம்பளத்தை முப்பதால் பெருக்குவது

பேர் விழுந்த நாளுக்குத்தான், அதாவது வேலை செய்ததாகப் பதிவான நாளுக்குத்தான் சம்பளம். சம்பளச் சீட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

மொத்தத் தொகையைத் தலைப்பில் போடுவது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் பிழை இது. அரசியல்வாதிக்கும் கம்பனிக்கும் ஒரே நேரத்தில் வசதியாக இருப்பதும் இதுதான்.

தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டது 1000 ரூபாய் அடிப்படைச் சம்பளம். கையெழுத்தானது 700. ஒரு பக்கம் "40 வீத உயர்வு" என்றார்கள். மறுபக்கம் "வெறும் 20 ரூபாய்" என்று கொதித்தார்கள். இரண்டு கணக்கும் சரி.

2016 ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30, ஆக மொத்தம் 730. 2019இல் அடிப்படை 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750. வரவுக்கும் உற்பத்திக்கும் இருந்த 200 ரூபாயை எடுத்து அடிப்படையில் வைத்தார்கள்; புதிதாக வந்தது விலைப்பங்கில் ஏறிய 20தான்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்கு. இந்த ஒப்பந்தங்களில் ஊழியர் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தில்தான் பிடிக்கப்பட்டது: தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனியிடம் 12 வீதம். நாள் தவறாமல் மலைக்குப் போய், நாளுக்குரிய கிலோக் கொழுந்தும் எடுத்த ஒரு பெண்ணுக்கு 2016 கணக்கில் 730இல் 40 போய்க் கையில் 690. 2019 கணக்கில் 750இல் 56 போய் 694. கூடியது நான்கு ரூபாய். வரவும் கிலோவும் பிந்தியதால் (குறைந்ததால்) இரண்டு கொடுப்பனவையும் இழந்தவருக்கோ முன்பு 490, பிறகு 694. அதே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கு ஒருவருக்கு 4, மற்றவருக்கு 204. நன்றாகக் கொழுந்து பறிக்கிறவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். அது ஏன் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. (மேலதிகக் கிலோவுக்கான காசு வேறு, அதை இதில் சேர்க்கவில்லை.)

நிதிக்குப் போகும் தொகை இரு தரப்பும் சேர்ந்து நாளுக்கு 100இலிருந்து 140 ஆனது. அது உண்மையான ஆதாயம்தான், ஆனால் ஓய்வுபெறும்போதுதான் கைக்கு வரும். கம்பனிக்காரர் பேட்டி கொடுக்கும்போது தங்கள் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்டும் 3 வீதத்தையும் சேர்த்து 855 கொடுப்பதாகச் சொல்வார். பழைய ஒப்பந்தத்தில் அந்தத் தொகை 805. அவரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஒப்பந்தத்துக்கு 200, 20, 4, 50 என்று நான்கு உயர்வுகள். யார் எதைச் சொல்கிறார் என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு தொகை அறிவிக்கப்பட்டால் தாளில் நாலு கோடு போடுங்கள்: தொகை, கொடுப்பவர் யார், என்ன நிபந்தனை, சேமலாப நிதிக்குச் சேருமா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்று சொன்னதைப் பிரித்தால், 1350இலிருந்து 1550 ஆகும் குறைந்தபட்சச் சம்பளம் கம்பனியுடையது. மீதி 200 அரசு தரும் வரவு ஊக்குவிப்பு. அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த நாளில் அந்த 200க்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியைத் தலைப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கிலோவைக் கேட்காமல் விடுவது

சம்பளம் ஏறும் வேளையில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோவும் (நோம்) ஏறலாம். 2021இல் அரசின் சம்பள நிர்ணய சபை 900க்கு மேல் 100 சேர்த்து 1000 ஆக்கிய பிறகு, கிலோவைக் கூட்டிவிட்டார்கள், வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள் என்று பல தோட்டங்களிலிருந்தும் முறைப்பாடு வந்தது. உதாரணத்துக்கு 750 ரூபாய்க்கு 16 கிலோ இருந்தது, 1000 ரூபாய்க்கு 20 ஆனது என்று வையுங்கள். கிலோவுக்கு 46.88 இருந்தது 50 ஆகிறது. 33 வீத உயர்வு கிலோக் கணக்கில் 7 வீதம்கூட வராது. கிலோ பிந்தினால் அரைப்பேர். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். 18 கிலோ நோம் உள்ள மலையில் மழை நாளில் 2 கிலோ கழித்தால் பறிக்க வேண்டியது 20.

மேடைப் பேச்சை வர்த்தமானியாக்குவது

2024 மே தினத்தன்று கொட்டகலையில் ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபாய் என்று அறிவித்தார். அன்றிரவே "கிடைத்துவிட்டது" என்று பட்டாசு. அப்போது வெளிவந்திருந்தது ஆட்சேபனை கோரும் அறிவித்தல் மட்டுமே. இறுதி வர்த்தமானி அதே மாதப் பிற்பகுதியில் வந்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, செப்டெம்பரில் 1350 என்று புது வர்த்தமானி வந்தது. படிகள் இவை: சம்பள நிர்ணய சபையின் தீர்மானம், ஆட்சேபனைக் காலம், அமைச்சரின் ஒப்புதல், வர்த்தமானி, அதன்பின் வழக்கு. செய்தி இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பணவீக்கம் குறைந்தது என்றால் சாமான் மலிந்தது என்பது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த செப்டெம்பரில் 1.3. ஏறிய விலைவாசி மொத்தத்தில் ஏறியபடியேதான் இருந்தது, ஏறும் வேகம்தான் தணிந்தது. அதோடு அது கொழும்பு நகரத்துச் சாமான் கூடையின் விலை. லயத்துக் கடைக்குச் சாமான் வந்து சேரும் விலை அதில் இல்லை. நாடு முழுவதற்குமான சுட்டெண் தனியாக வருகிறது, அதையும் பாருங்கள்.

ஏல விலை உச்சம், தேயிலைக்கு நல்ல காலம்

2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது. கொழும்பு ஏலத்தில் ரூபாய் விலை தாவியதில் பெரும்பங்கு அதனால்தான். டொலரில் தேயிலை ஏற்றுமதி வருமானம் 2021இல் ஏறக்குறைய 132 கோடி, 2022இல் 126 கோடி. முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடை விளைச்சலை விழுத்தியிருந்தது. அந்த வருமானமும் முழுக்கப் பெருந்தோட்டங்களுடையதன்று. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்ட உரிமையாளர்களுடையது, அவர்களில் அதிகம் பேர் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம்.

கொழுந்தையும் தூளையும் குழப்புவது

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், ஏலத்தில் விற்பது தூள். ஏல விலையைப் பறித்த கிலோவால் பெருக்காதீர்கள்.