புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடை வரை: பழைய காயங்களைத் தெரிந்து நடக்க ஒரு வழி

கொழும்புக்குச் சொந்தக்காரர் வந்தால் காலிமுகத்திடலையும் தாமரைக் கோபுரத்தையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். அடுத்த தடவை ஒரு காலைப்பொழுதைப் புறக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்கி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முடியும் இந்த வழி பெரிய தூரமில்லை, ஆனால் நின்று நின்று போனால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும்.

ஏழு மணிக்கே இறங்கிவிடுங்கள். லொறிகளும் மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின் கைவண்டிகளும் வந்த பிறகு ஓரிடத்தில் நின்று கதைக்க முடியாது. கோயிலுக்குள் போக வேண்டியிருப்பதால் தோளும் முழங்காலும் மறைக்கிற உடுப்பு, கழற்ற இலகுவான செருப்பு, தண்ணீர், குடை.

முதலில் மத்திய பஸ் நிலையம். 1987 ஏப்ரல் 21 பின்னேரம், வேலை முடிந்து வீடு போகிற சனம் நிறைந்திருந்த நேரத்தில், இங்கே கார்க்குண்டு வெடித்து 113 பேர் செத்தார்கள். அரசு புலிகளைக் குற்றம் சாட்டியது. நம்மவர்கள் பலர் இதைத் தாண்டி நேரே 1983 தமிழருக்கு எதிரான வன்முறைக்குப் போய்விடுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பஸ்களுக்கு நின்றவர்களுக்கும் வீட்டில் சோறு மூடிவைத்துக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தேதியையும் மறக்காதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு மெயின் வீதிக்கு வாருங்கள். கெய்மன் வாசலில் ஒல்லாந்தர் காலத்து மணிக்கூண்டு நடைபாதைக் கடைகளுக்கு நடுவே நிற்கும், பழைய கோட்டை வாசலின் பெயர்தான் அது, கெய்மன் என்றால் முதலை. நேரமிருந்தால் மேட்டில் ஏறி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்தின் கல்லறைக் கற்களையும் பாருங்கள். இல்லாவிட்டால் விடலாம்.

செட்டியார் தெருவில் அவசரப்பட வேண்டாம். 1983 யூலை 23 யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டு, மறுநாள் இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை 25ஆம் தேதி புறக்கோட்டைக்கு வந்தது, தமிழர் கடைகளைக் கொள்ளையடித்து எரித்தார்கள், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் தேடிப் போனார்கள். இங்கே ஒரு விஷயம் கவனம்: கடைக்குள் நுழைந்ததும் “83இல் என்ன நடந்தது?” என்று யாரையும் கேட்காதீர்கள். ஏதாவது வாங்குங்கள், இருங்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ஒரு வயசான ஐயா எனக்குப் பிளேன்டீ எடுத்துத் தந்து, ஊர் உலகமெல்லாம் பேசி, எழும்புகிற நேரத்தில்தான் நிலைக்கதவின் மேல் உத்தரத்தைக் காட்டினார். மூன்று தரம் பெயின்ட் அடித்தும் ஒரு மூலையில் கரி தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், மரம் அந்த இடத்தில் மட்டும் சொரசொரவென்று பள்ளமாக இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெலிக்கடைச் சிறையையும் இந்த நடையில் சேர்க்கப் பார்க்காதீர்கள். அதே யூலை 25, 27 தேதிகளில் அங்கே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

பிறகு பொன்னம்பலவாணேசர் கோயில். முழுக்கக் கருங்கல், உள்ளே கால் வைத்ததும் குளிரும். கொஞ்ச நேரம் தூணோரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் அந்தோனியார் கோயில். வாசலில் பையைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் இங்கே குண்டு வெடித்தது. நாடு முழுக்க அன்று செத்தவர்கள் 250க்கும் மேல். பஸ் நிலையத்தில் நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன அதே தேதி, 32 வருசம் கழித்து. கூட வந்தவர்களுக்கு இதை வெளியிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், பக்கத்தில் முழங்காலில் இருப்பவர் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. படம் எடுப்பதும் வேண்டாம்.

அமைதியாக நிற்க ஆசையென்றால் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள், அன்று கூட்டம் தாங்காது. எனக்கென்னவோ செவ்வாய்தான் பிடிக்கும். பொட்டு வைத்த அம்மாக்களும் சிங்களக் குடும்பங்களும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள்.