கழுத்துச் சிரையில் கதீட்டர்: ஊசிக்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

கழுத்தில் சென்ட்ரல் லைன் (இதயத்தருகே உள்ள பெருஞ்சிரை வரை செல்லும் கதீட்டர் எனும் மெல்லிய குழாய்) போடப் பழகும் இளம் மருத்துவர்கள், ஊசி ஏறும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தே பதறுகிறார்கள். எனக்கோ, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பும் இரத்தம் வந்த பின்பும் அவர்கள் செய்வதைப் பார்க்கும்போதுதான் பயம் வருகிறது. உட்கழுத்துச் சிரையில் நேரும் பெருந்தீங்குகள் பலவும் அந்த இரண்டு இடங்களில்தான் தொடங்குகின்றன.

முதலில் தேவை. இரத்தப்போக்கால் அழுத்தம் சரிந்த நோயாளிக்கு வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்று சிலர் மூன்று குழல் கதீட்டரைத் தேடுகிறார்கள். குழல் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும். கையில் போட்ட குட்டையான, பருத்த கேனுலாக்கள் (சிரைக்குள் வைக்கும் சிறு குழல்கள்) இரண்டு அதைவிட விரைவாக வேலையை முடித்துவிடும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளை நெடுநேரம் செலுத்துவது, டயாலிசிஸ், தற்காலிக பேஸ்மேக்கர், கையில் சிரையே அகப்படாத நிலை ஆகியவற்றுக்குத்தான் கழுத்துவழி.

நோயாளியின் நிலையைப் பார்க்காமல், பழகிய இடத்திலேயே குத்துவது அடுத்த தவறு. இரத்தம் எளிதில் உறையாதவருக்குக் காரையெலும்புக்குக் கீழே செல்லும் சிரையைத் தேர்ந்தெடுத்தால், கசிவு வரும்போது அழுத்திப் பிடிக்க வழியில்லை. கழுத்தில் அழுத்தலாம். நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் காரையெலும்புக்குக் கீழுள்ள அந்தச் சிரையைத் தவிர்ப்பது நல்லது. அது பின்னாளில் சுருங்கினால், டயாலிசிஸுக்காக அந்தக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கும் ஃபிஸ்டுலா பாழாகும். மண்டைக்குள் அழுத்தம் கூடியவரையும், படுத்தால் மூச்சுத் திணறும் இதய நோயாளியையும் வழக்கம்போலத் தலை தாழ்த்திக் கிடத்துவது ஆபத்து. முன்பே பலமுறை கதீட்டர் போட்ட கழுத்தில் சிரை உறைந்து அடைந்திருக்கலாம். தோலைத் துடைப்பதற்கு முன்பே அல்ட்ராசவுண்ட் கருவியால் அழுத்திப் பாருங்கள். அமுங்காத சிரையில் ஊசிக்கு வேலையில்லை.

வலப்பக்கத்தை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சிரை மேற்பெருஞ்சிரைக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குகிறது. இடப்பக்கத்தில் பாதை வளைவதோடு, மார்பு நிணநீர்க் குழாயும் அருகில் இருக்கிறது. முகத்தை எதிர்ப்பக்கம் நன்றாகத் திருப்பினால் இடம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். திருப்பத் திருப்பச் சிரை கரோட்டிட் தமனியின் மேல் ஏறிப் படுக்கிறது. பின்சுவரையும் துளைத்த ஊசி நேராகத் தமனிக்குள் போகும். லேசான திருப்பம் போதும். தாங்கக்கூடியவருக்குத் தலைப்பக்கத்தை 10 முதல் 15 டிகிரி தாழ்த்தினால் சிரை புடைக்கும்.

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2002-ஆம் ஆண்டிலேயே அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலைப் பரிந்துரைத்தது. ஆனால் கருவி இருப்பது வேறு, ஊசி முனையைப் பார்ப்பது வேறு. திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் நடுத்தண்டாகவும் இருக்கலாம். முனை அதற்குள் சிரையைக் கடந்து போயிருக்கும். சிறிது சிறிதாக முன்னேறி, ஒவ்வொரு முறையும் முனையைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். மெல்லிய ஊசி தமனியைத் துளைத்தால், எடுத்துவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கதீட்டருக்கு வழியை அகலப்படுத்தும் டைலேட்டர் அப்படியல்ல, அது தமனியில் பெரிய ஓட்டையே போட்டுவிடும். ஆகவே டைலேட்டரைத் தொடுமுன் கைட்வயர் (ஊசி வழியே செலுத்தும் வழிகாட்டிக் கம்பி) சிரைக்குள் இருப்பதை உறுதி செய்தே ஆக வேண்டும். இரத்தம் கருத்திருக்கிறது, துடிக்கவில்லை என்பதெல்லாம் உறுதி ஆகாது. ஆக்சிஜன் குறைந்தவரின் தமனி இரத்தமும் கருத்திருக்கும், இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி (ஷாக்) நிலையில் அது துடிக்காமலும் வரும். கம்பி சிரைக்குள் கிடப்பதைக் குறுக்குவெட்டிலும் நீளவாக்கிலும் திரையில் பாருங்கள், அல்லது அந்த நாளத்துக்குள் உள்ள அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை இது. இதை விட்டுவிடுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

மீறிப் பெரிய கதீட்டர் தமனிக்குள் போய்விட்டால், பதற்றத்தில் உருவி எடுக்காதீர்கள். கழுத்தில் இரத்தம் கட்டி மூச்சுக்குழலை நெரிக்கும், பக்கவாதமும் வரலாம். அப்படியே விட்டுவிட்டு இரத்தநாள அறுவை மருத்துவரை அழையுங்கள்.

ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட, கம்பியின் மேல் குழலை ஏற்றும் முறையில் கம்பிதான் உயிர்நாடி. அதை ஒரு கணமும் கைவிடக் கூடாது. மானிட்டரில் இதயம் தாளம் தவறினால், கம்பி ஆழமாகப் போயிருக்கிறது, பின்னுக்கு இழுங்கள். டைலேட்டரைப் பிடிவரை தள்ள வேண்டாம், சிரையை எட்டும் ஆழம் போதும். முடிந்ததும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, கதீட்டர் முனை இருக்கும் இடத்தையும் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தொற்றைப் பற்றி ஒன்று மட்டும். கை கழுவுதல், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற கதீட்டரை எடுத்துவிடுதல் ஆகிய ஐந்தையும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கடைப்பிடித்ததில் கதீட்டர் வழி இரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த ஐந்தில் அதிகம் மறக்கப்படுவது கடைசிதான். "இன்றும் இது தேவையா?" என்று தினமும் காலையில் கேளுங்கள்.

எடுப்பதைச் சிறு வேலையாக நினைத்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே உருவுகிறார்கள். அவர் மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் அந்தத் துளை வழியே காற்று இதயத்துக்குள் உறிஞ்சப்படலாம், உயிரும் போகலாம். படுக்க வைத்து, தலையைத் தாழ்த்தி, மூச்சை வெளிவிடும்போது எடுங்கள். ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போட்டு, அரை மணி நேரம் படுத்தே இருக்கச் சொல்லுங்கள்.