கார்டு, டிரைவர், மென்பொருள்: மூன்றும் ஒத்துப்போக நான் செய்பவை

பழைய குடும்பப் படங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் வேலை. செல்லரித்த ஓரம், மடிப்பு விழுந்த முகம், ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட இடம் என்று நாள் முழுக்க 200 சதவீதம் பெரிதாக்கி வைத்து நிரப்பிக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலையில் ஒரு பாட்டியின் கன்னத்தில் ஓடிய கீறலை பிரஷ்ஷால் தடவினேன். தடவிய இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கறுத்துப்போனது. கன்ட்ரோல் இசட் அடித்தும் கட்டம் போகவில்லை. கைகால் உதறிவிட்டது, அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே படம் அது.

படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கள் இடம் மாறின. அப்போதுதான் மூச்சு வந்தது. இடம் மாறுகிறது என்றால் ஃபைல் கெடவில்லை, திரையில் வரைந்து காட்டும் வேலையில்தான் கோளாறு. இன்னொரு கணினியில் திறந்தபோது பாட்டியின் கன்னம் நான் விட்டபடியே இருந்தது. முந்தைய இரவு கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) தானாக அப்டேட் ஆகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை விழுந்து விழுந்து படித்தேன். என் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். கார்டு, டிரைவர், எடிட்டிங் மென்பொருள் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். கீழே இருப்பது எல்லாம் அந்த ஒரே விதியைக் கடைப்பிடிக்கும் முறைதான்.

முதலில் குற்றவாளி கார்டா என்று பாருங்கள்

டிரைவரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் கார்டின் உதவியை நிறுத்திவிட்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனு, ப்ரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' என்ற டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் சோதித்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லைட்ரூம் கிளாசிக்கில் அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருப்பதை 'ஆஃப்' ஆக்குங்கள். கேப்சர் ஒன்னில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்ற தலைப்பின் கீழ் காட்சிக்கு ஒன்று, செயலாக்கத்துக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டையும் 'நெவர்' என்று வையுங்கள். டார்க்டேபிளில் ஓபன்சிஎல் டிக்கை எடுத்தால் போதும்.

கோளாறு மறைந்தால் கார்டு அல்லது டிரைவர்தான் காரணம். மறையவில்லை என்றால் பிளக்இன், கெட்டுப்போன ப்ரிஃபரன்சஸ் ஃபைல், ரேம் என்று வேறு பக்கம் தேடுங்கள். டிரைவரைத் தொட வேண்டாம்.

'சரியாகிவிட்டது, அப்படியே விட்டுவிடலாம்' என்று தோன்றும். அவசரத்துக்கு ஒருநாள் விடலாம். நிரந்தரமாக விட்டால் ஃபோட்டோஷாப்பில் காகிதத்தைத் திருப்புவது போல் கேன்வாஸைத் திருப்பும் ரொட்டேட் வியூ போய்விடும், மவுஸை இழுத்தே பெரிதாக்கும் ஸ்க்ரப்பி ஜூம் போய்விடும். முகத்தில் மணிக்கணக்காக வேலை செய்பவருக்கு அது கையைக் கட்டிப்போட்டது போல.

ஏன் இப்படி நடக்கிறது

எடிட்டிங் மென்பொருள் கார்டோடு நேராகப் பேசுவதில்லை. டைரக்ட்எக்ஸ், ஓபன்சிஎல், மேக்கில் மெட்டல் என்று ஒரு பொது மொழியில் பேசும். டிரைவர் அதைக் கார்டுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் எனக்கு வந்த கறுப்புக் கட்டம் போல ஏதாவது வரும்.

2008-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்4 வந்தபோது கார்டின் பங்கு பெரும்பாலும் படத்தை வழுக்கிக்கொண்டு நகர்த்துவதும் பெரிதாக்குவதும்தான். 2012-இல் சிஎஸ்6 சில ஃபில்டர்களையும் கார்டிடம் கொடுத்தது. லைட்ரூமின் டெவலப் பகுதி 2015-இல் கார்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2023-இல் லைட்ரூமில் படத்தின் புள்ளிப் புள்ளியான நாய்ஸை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு கார்டு பின்தங்கியதாக இருந்தால் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் ஆகின்றன. முன்பு டிரைவர் பிசகினால் காட்சிதான் கெடும். இப்போது வெளியே வரும் ஃபைலே கெடலாம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்களிடம் இருப்பது என்ன

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். முதல் பக்கத்தின் கீழே 'டைரக்ட்எக்ஸ் 12' என்று இருக்கும். பலர் இங்கேயே ஏமாறுகிறார்கள். அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸ், கார்டின் திறமை அல்ல. அடுத்த 'டிஸ்ப்ளே' டேபுக்குப் போங்கள். வலது பக்கம் 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் முதலில் நிற்கும் எண்தான் கார்டின் உண்மையான தகுதி. விண்டோஸில் இப்போதைய ஃபோட்டோஷாப் கேட்பது 12_0. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலான கார்டுகள் கெப்ளர் வகை. அவை டைரக்ட்எக்ஸ் 12-ஐ ஓட்டும், ஆனால் ஃபீச்சர் லெவல் 11_0-இல் நின்றுவிடும். 'என் கார்டு 12 சப்போர்ட் செய்கிறதே, ஏன் டிக் மங்கலாக இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இதுதான் பதில்.

அதே பக்கத்தில் டிரைவர் எண்ணும் தேதியும் இருக்கும். என்விடியா கார்டு என்றால் 31.0.15.3623 என்பது போல நீளமாக எழுதியிருக்கும். புள்ளிகளை விட்டுவிட்டுக் கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுங்கள்: 53623. அது 536.23 என்ற டிரைவர். டவுன்லோட் பக்கத்தில் இருப்பதும் இந்த எண்தான், ஒப்பிட வேண்டியதும் இதைத்தான்.

இதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள்: தேதி, டிரைவர் எண், மென்பொருளின் பதிப்பு எண், 'நன்று' அல்லது என்ன கோளாறு என்பது. பத்து வரி சேர்ந்த பிறகு அதன் அருமை தெரிந்தது.

மெமரிக் கணக்கு

ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 1.5 ஜிபி கிராபிக்ஸ் மெமரி வேண்டும், 4கே திரைக்கு 4 ஜிபி நல்லது என்று அடோபி சொல்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்க்காமல் உங்கள் ஃபைலை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான் 6க்கு 4 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்வேன். 7200க்கு 4800, அதாவது சுமார் 3.46 கோடி பிக்சல். 16 பிட்டில் மூன்று நிறங்களுக்கும் சேர்த்து ஒரு பிக்சலுக்கு 6 பைட். ஒரே ஒரு லேயர் சுமார் 207 எம்பி. லேயர் எல்லாம் முழுதாகக் கார்டில் போய் உட்காராது என்றாலும், வேலையின் அளவு எவ்வளவு என்று இதில் தெரிந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபில் ஜிபியுவைத் (கிராபிக்ஸ் பிராசஸர்) தேர்ந்தெடுத்து, வேலை செய்துகொண்டே 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்ற கோட்டைப் பாருங்கள். அது உச்சியைத் தொட்டு, கீழே 'ஷேர்டு' கோடு ஏறத் தொடங்கினால் கார்டின் மெமரி நிரம்பிச் சாதாரண ரேமைக் கடன் வாங்குகிறது என்று பொருள். பிரஷ் பின்தங்கி இழுப்பது அப்போதுதான். பிரவுசரும் கிராபிக்ஸ் மெமரியைத் தின்னும். அதை மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருநாள் வந்து, "அக்கா, எட்டு ஜிபி கார்டு இருக்கு, ஆனா ஒரு படத்துக்கு நாய்ஸ் எடுக்க இருபது நிமிஷம்னு காட்டுது" என்றான். டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். பிராசஸரோடு சேர்ந்த சின்ன ஜிபியு 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது, பெரிய கார்டு சும்மா கிடந்தது.

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், பட்டியலில் அந்த மென்பொருளைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. புது டிரைவர், புது ரேம் எதுவும் தேவைப்படவில்லை.

எந்த டிரைவர்

என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு உண்டு. ஸ்டூடியோ 2019-இல் வந்தது. புது விளையாட்டுகளின் வெளியீட்டுக்காக அவசரப்படாமல், எடிட்டிங் மென்பொருள்களோடு சோதித்து வெளியிடுவது. படவேலைக்கு ஸ்டூடியோதான் என் தேர்வு, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏஎம்டியில் 'ரெகமண்டட்', 'ஆப்ஷனல்' என்று இருந்தால் ரெகமண்டட் எடுங்கள். லேப்டாப் என்றால் முதலில் அதைத் தயாரித்தவரின் பக்கத்தில் உள்ள டிரைவரை முயலுங்கள், சரிவரவில்லை என்றால் மட்டும் கார்டு தயாரித்தவரின் பக்கம். மேக்கில் டிரைவர் தனியாகக் கிடையாது, மேக்ஓஎஸ் உடனேயே வருகிறது. அங்கே மேக்ஓஎஸ் பதிப்புதான் உங்கள் நோட்டில் டிரைவர் எண்ணின் இடத்தில் இருக்க வேண்டும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கெப்ளர் வகைக்கு 470 வரிசையோடு புதிய டிரைவர்கள் நின்றுவிட்டன. கார்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மென்பொருளை மேலும் மேலும் புதுப்பித்துக்கொண்டே போனால் ஒருநாள் அது பழைய டிரைவரை ஏற்காது. கார்டை மாற்ற வசதி வரும்வரை, கடைசியாக நன்றாக ஓடிய மென்பொருள் பதிப்பில் நின்றுவிடுவதே நல்லது. ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள்.

மாற்றும் நாள்

கையில் முடியாத வேலை இருக்கும்போது நான் டிரைவரைத் தொடுவதில்லை. வேலையைக் கொடுத்து முடித்த மறுநாள்தான். இப்போது ஓடும் டிரைவரின் இன்ஸ்டாலர் ஃபைல் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், இல்லை என்றால் இறக்கிவைப்பேன். கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போடுவேன். என்விடியா இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்ற டிக் வரும், அதைப் போடுவேன்.

அப்படியும் பழைய துண்டுகள் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தால் டிடியு என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் இருக்கிறது. அதை சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பழையதை அழித்துவிட்டு நிமிர்வதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள ஒன்றைப் போட்டுவிடும்.

புது டிரைவருக்குப் பிறகு கேப்சர் ஒன், டார்க்டேபிள் போன்றவை முதல் முறை திறக்கும்போது மெதுவாக இருக்கும். கார்டுக்கான ஓபன்சிஎல் நிரல்களைப் புதிதாகத் தொகுத்துக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள்.

அடுத்தது சோதனை. இதற்கென்றே ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன், எப்போதும் அதே ஃபைல். பெரிதாக்குவேன், திருப்புவேன், ஹீலிங் பிரஷ்ஷை நீளமாக இழுப்பேன், லிக்விஃபை திறந்து மூடுவேன், ஒரு ரா (கேமரா பதிவுசெய்தபடியே இருக்கும்) படத்துக்கு டீநாய்ஸ் கொடுப்பேன். கார்டோடு ஒன்று, கார்டு இல்லாமல் ஒன்று என இரண்டு ஏற்றுமதி செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக லேயரில் வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் 'டிஃபரன்ஸ்' மோடில் பார்ப்பேன். கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வந்தால் நிம்மதி. கட்டமோ கோடோ தெரிந்தால் அந்த டிரைவர் வேண்டாம்.

நிறத்தையும் பாருங்கள். கிளீன் இன்ஸ்டால் கார்டின் செட்டிங்ஸை அழித்துவிடும். எச்டிஎம்ஐயில் திரையை இணைத்திருந்தால் 'ஃபுல்' என்று இருந்த ரேஞ்ச் (கறுப்பிலிருந்து வெள்ளை வரை அனுப்பும் அளவு) 'லிமிடெட்' ஆகிவிடலாம். கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரியும், நீங்கள் அதை நம்பிப் படத்தை இருட்டாக்கிவிடுவீர்கள்.

பின்வாங்குவது

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், 'ரோல் பேக் டிரைவர்'. அது மங்கலாக இருந்தால் எடுத்துவைத்த பழைய இன்ஸ்டாலரைப் போடுங்கள். விண்டோஸ் மறுபடி மாற்றாமல் இருக்க 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்பதைத் தேடி 'நோ' கொடுங்கள்.

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வருகிறதா? ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மீட்டுத் தொடங்கியதன் அடையாளம் அது. ரெஜிஸ்ட்ரியில் அந்த நேரத்தைக் கூட்டச் சொல்வார்கள். அதற்கு முன் கார்டின் சூட்டையும் மெமரியையும் பாருங்கள், பல முறை காரணம் அங்கேதான் இருக்கும்.

லினக்ஸில் டார்க்டேபிள் பயன்படுத்துபவர்கள் டெர்மினலில் டார்க்டேபிள்-சிஎல்டெஸ்ட் கட்டளையை ஓட்டினால் ஓபன்சிஎல் கிடைக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். டிரைவர் அப்டேட் ஆன பிறகு ரீபூட் செய்யாமல் சோதித்துவிட்டுக் கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் புகார் எழுதுங்கள், ஆனால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோவைத் திறந்து 'காப்பி' பட்டனை அழுத்தினால் கார்டு, டிரைவர், பதிப்பு எல்லாம் மொத்தமாக வந்துவிடும். அதோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், எந்தக் கருவியை எப்படி இழுத்தால் வருகிறது என்பதும் போதும். கறுப்புக் கட்டத்துக்கு நான் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பாட்டியின் படத்தை முடித்துக் கொடுத்தேன். புகாரும் எழுதினேன். இரண்டு வெளியீடு கழித்து வந்த டிரைவரில் கட்டம் வரவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'நன்று' என்று இருக்கிறது, இன்றும் அதில்தான் ஓட்டுகிறேன்.