‘பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, அடுத்து என்ன படிக்கலாம்?’: கேட்பவருக்கு ஏற்ற புத்தகம் சொல்வது எப்படி

புத்தகம் படிப்பவர் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் உங்களிடம் வந்து சேரும். சட்டென்று வாயில் வரும் பதில், அதேபோலச் சரித்திர நாவல்கள் எழுதிய சாண்டில்யன். சிலருக்கு அது சரிதான். பலர் இருபது பக்கம் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். காரணம் எளிது: அந்தக் கதையில் தன்னைப் பிடித்து வைத்தது எது என்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

“ஏன் பிடிச்சுது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. “எந்த இடத்துல புத்தகத்தைக் கீழே வைக்க முடியலை?” என்று கேளுங்கள். ஐந்து பாகம், 293 அத்தியாயம் உள்ள கதையில் ஆளுக்கு ஒரு இடம் சொல்வார்கள். அந்த இடம்தான் அடுத்த புத்தகத்துக்கு வழி காட்டும்.

வந்தியத்தேவன் ஓலையை மறைத்துக்கொண்டு தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்து தப்பித்த பகுதியைச் சொன்னால், அவருக்கு வேண்டியது ஓட்டம். அவருக்குச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ பொருந்தும். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளும் அதே அளவுக்குப் பொருந்தும். சரித்திரம் என்பது அவருக்கு மேல்சட்டைதான்.

“நந்தினி நல்லவளா கெட்டவளா, இன்னும் தெரியலை” என்று சொல்கிறவர் தேடுவது மனிதமனத்தின் சிக்கல். இவருக்கு இன்னொரு ராஜா ராணிக் கதை சலிப்புத் தரும். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ கொடுங்கள். அதில் வரும் தாய் அலங்காரத்தம்மாளைப் பற்றியும் கடைசிவரை ஒரு தீர்ப்புக்கு வர முடியாமல் அவர் தவிப்பார். அந்தத் தவிப்புதான் அவருக்குப் பிடித்தது.

ஆதித்த கரிகாலனை உண்மையில் யார் கொன்றது என்று கேட்கிறவரை நாவல் பக்கமே அனுப்ப வேண்டாம். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டு, ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு, கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ அல்லது தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலை எடுத்துக் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லாமல், இரண்டாம் ஆதித்தனை (ஆதித்த கரிகாலன்தான்) பற்றிய பகுதியைத் திறந்து காட்டுங்கள். கேள்வியோடு வந்தவருக்கு வரலாற்று நூல் கனமாக இருக்காது.

வீராணம் ஏரி, ஆடிப்பெருக்கு, கோடிக்கரை என்று ஊர்ப் பெயராகவே சொல்கிறவரும் உண்டு. அவருக்கு ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய பயணநூல் ‘நடந்தாய் வாழி காவேரி’. ஒரே நாவலிலிருந்து சாகசம், குடும்பக் கதை, வரலாறு, பயணம் என்று நான்கு வழி பிரிந்துவிட்டது.

கேட்க வேண்டிய மற்ற இரண்டு கேள்விகள்

“கடைசியா எதைப் பாதியில விட்டீங்க? எங்கே?” பிடித்த புத்தகத்தைவிட விட்ட புத்தகம் அதிகம் சொல்லும். பத்தாவது பக்கத்தில் விட்டார் என்றால் பெரும்பாலும் மொழி தடுத்திருக்கிறது. நூறாவது பக்கத்தில் விட்டார் என்றால் கதை நகரவில்லை, அல்லது பாத்திரங்களின் பெயர் குழம்பிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

“எப்போ, எங்கே படிப்பீங்க?” இதைக் கேட்க மறந்துதான் நல்ல பரிந்துரைகள் வீணாகின்றன. ஒரு நாளைக்கு இருபது பக்கம் படிப்பவருக்கு 150 பக்க நாவல் எட்டு நாள். ஆயிரம் பக்க நாவல் ஐம்பது நாள். நடுவில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்தால் கதை நூல் அறுந்துவிடும். மின்சார ரயிலில் நின்றுகொண்டு படிப்பவரிடம் கெட்டி அட்டைத் தடிப் புத்தகத்தைக் கொடுப்பதும் சரிவராது. அவருக்குச் சிறுகதைதான். புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’, கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இரண்டுமே ஒரு பயணத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் புத்தகம் முடிகிற புத்தகமாக இருக்கட்டும்

இதுதான் இந்த வேலையில் முக்கியமானது என்று உறுதியாகச் சொல்வோம். பள்ளிக்குப் பிறகு ஒரு நாவலும் தொடாதவரிடம் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ அல்லது சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ பெயரைச் சொல்வது அன்பினால்தான். ஆனால் அவர் அதை வாங்கி, நாற்பது பக்கத்தில் நிறுத்தி, “இலக்கியம் நமக்கு வராது” என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த நாவல்கள் பெரியவைதான். அவற்றுக்கு நேரம் இருக்கிறது.

முதல் புத்தகம் 150 பக்கத்துக்குள் இருக்கட்டும், கதை முதல் பக்கத்திலேயே தொடங்கட்டும், பாத்திரங்கள் பத்துப் பேருக்குள் அடங்கட்டும். இந்த மூன்றுக்கும் அருமையாகப் பொருந்துவது சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஒரே நாள் ஜல்லிக்கட்டு. பிச்சி, மருதன், ஜமீன்தார், காரி என்ற காளை. ஒரு மாலையில் படித்துவிடலாம். நகரத்துக் கதை வேண்டும் என்றால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’: குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெருவும் ஜமுனாவும். குடம் தூக்கி நின்ற எவருக்கும் அது தன் கதை. விறுவிறுப்பு முக்கியம் என்பவருக்குப் பூமணியின் ‘வெக்கை’. ‘அசுரன்’ படத்துக்கு மூலம் என்று சொன்னால் தயக்கம் போய்விடும். கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகத் திரியும் ஒரு பையனும் அவன் அப்பாவும், அவர்கள் காட்டில் சமைத்துச் சாப்பிடும் சாப்பாடும் படத்தில் இல்லாத நிதானத்தோடு நாவலில் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சண்டைக் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

வட்டார வழக்கு என்னும் தடை

தமிழில் நல்ல நாவல்கள் பலவும் ஒரு மண்ணின் பேச்சில் எழுதப்பட்டவை. கோவில்பட்டிக்காரருக்குக் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ பாட்டி பேசுவது போல இருக்கும். சென்னையிலேயே வளர்ந்தவருக்கு அதே பக்கத்தில் பத்துச் சொல் புரியாது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, பாமாவின் ‘கருக்கு’ எல்லாமே இப்படித்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. பரிந்துரைப்பதற்கு முன் முதல் பக்கத்தில் ஒரு பத்தியை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சுமொழி காதுக்குப் புரிந்துவிடும்; “வந்துட்டு”, “வந்திட்டு” இரண்டும் கேட்டால் ஒன்றுதான். இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை நின்றாலும் முகத்தில் சிரிப்பு இருந்தால் கொடுக்கலாம். சொல்லுக்குச் சொல் நின்றால் வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். வெளிநாட்டில் வளர்ந்து தமிழை மெதுவாகப் படிப்பவருக்கு அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள் நல்ல வாசல்: வாக்கியங்கள் சின்னவை, இலங்கை முதல் கனடா வரை களம் மாறிக்கொண்டே இருக்கும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், கூட்டம் கூட்டமாக ஆட்கள். முதல் ஐம்பது பக்கம் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. “முதல் ஐம்பது பக்கம் தெரியாத ஊர்ல நடக்கிற மாதிரி இருக்கும், எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், பாண்டியனை மட்டும் விடாம பிடிச்சுக்குங்க” என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அந்த ஐம்பது பக்கத்தைத் தாண்டியவர் தமிழின் மிகச் சிறந்த போர்க்கால நாவலைப் படித்துவிடுவார்.

கதையல்லாத நூல்கள்

“எனக்குக் கதை பிடிக்காது, உண்மை வேணும்” என்பவரிடம் பொருளைக் கேட்காதீர்கள். வரலாறு என்பார், அறிவியல் என்பார், அது கடலளவு. சாப்பாட்டு மேசையில் எதைப் பற்றி வாதாடுவார் என்று பாருங்கள்.

ஏன் இதைச் சாப்பிடுகிறோம், ஏன் இந்தச் சடங்கு என்று நோண்டுகிறவருக்குத் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. உப்பைப் பற்றிச் சில பக்கம், உணவைப் பற்றிச் சில பக்கம் என்று எங்கே திறந்தாலும் படிக்கலாம். அது பிடித்தால் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. இந்த வரிசை முக்கியம்; முதலாவது ஆர்வத்தைக் கிளப்பும், இரண்டாவது ஆதாரம் தேடும் முறையைக் காட்டும். காட்டையும் பறவையையும் விரும்புகிறவருக்கு மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பான ‘மழைக்காலமும் குயிலோசையும்’, பிறகு அதைத் தொகுத்த தியடோர் பாஸ்கரனின் சொந்தக் கட்டுரைகள். ஆசிரியர் வேலையில் இருப்பவருக்கு ‘டோட்டோ-சான்’, கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. வேலை செய்யும் மக்களின் வாழ்க்கை தெரிய வேண்டும், ஆனால் புள்ளிவிவரம் வேண்டாம் என்பவருக்கு நாவலே கைகொடுக்கும்: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றி ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’.

அறிவியல் வேண்டும், கதையாக இருந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி; மாற்றிப் படித்தால் சுவை போய்விடும்.

மொழிபெயர்ப்பும் பதிப்பும்

நூலின் பெயர் மட்டும் சொல்லி அனுப்பினால் கடையில் கிடைக்கும் பிரதி வேறாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘செம்மீன்’ சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு, ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பு, ‘குற்றமும் தண்டனையும்’ எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத பதிப்பு என்றால் கீழே வைத்துவிடலாம். ருஷ்ய நாவல்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும். யார் யார் என்று ஒரு சின்னத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பெரிய உதவி.

‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியின் எழுத்து நாட்டுடைமை (யாரும் வெளியிடலாம்) ஆனதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. மலிவுப் பதிப்பில் எழுத்து பொடியாக இருக்கும், பிழையும் மலிந்திருக்கும். வாங்குமுன் ஐந்தாம் பாகமான ‘தியாக சிகர’த்தைத் திறந்து 91 அத்தியாயமும் இருக்கின்றனவா என்று பாருங்கள், குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. அறுபது தாண்டியவருக்குப் பரிசாக வாங்கும்போது கதையைவிட எழுத்தின் அளவுதான் முதல். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வாங்க வசதியில்லாதவருக்குக் கிளை நூலகம் இருக்கிறது. இணையத்தில் நாட்டுடைமை நூல்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும், ஈழத்து நூல்கள் நூலகம் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

சொல்லும் விதம்

பத்துப் பெயர் கொண்ட பட்டியல் அனுப்பினால் யாரும் ஒன்றைக்கூடப் படிப்பதில்லை. ஒன்று சொல்லுங்கள், அது ஒத்துவரவில்லை என்றால் எடுக்க இன்னொன்று. கதையைச் சொல்லாமல் மூன்று வாக்கியம்: எங்கே நடக்கிறது, படிக்கும்போது எப்படி இருக்கும், எங்கே சிரமப்படுத்தும். சாவு, வன்முறை, குழந்தைக்கு நேரும் கொடுமை இருந்தால் மறைக்காதீர்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவரிடம் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ போய்ச் சேரக் கூடாது.

முடிந்தால் பெயர் சொல்வதோடு நிற்காமல் பிரதியையே கையில் கொடுங்கள். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த இளைஞர் உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று நீண்ட பட்டியல் வந்தது. முதலியார் அசையவில்லை, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. முதலியார் அதோடு விடாமல் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைத் தேடிக் கொடுத்தார், தனக்குப் பாடம் சொல்லவும் கேட்டுக்கொண்டார். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. என்ன படித்தீர்கள் என்ற கேள்வி, கையில் ஒரு பிரதி, கூடவே படிக்க ஒரு ஆள், மூன்றும் அங்கே இருந்தன. ‘என் சரித்திர’த்தில் இந்தப் பகுதியை மட்டும் காட்டினாலே பலர் முழு நூலையும் கேட்டு வாங்குவார்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, தினம் ஒன்று படிக்கலாம்.

கொடுத்த மறுநாளே “படிச்சிட்டீங்களா?” என்று கேட்காதீர்கள், அது பரீட்சை. இரண்டு வாரம் விட்டு “எங்கே நிக்குது?” என்று கேளுங்கள். நாற்பதாம் பக்கத்திலேயே நிற்கிறது என்றால் குற்ற உணர்ச்சி வராதபடி வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கொடுங்கள். அவர் சொன்னதை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதி வையுங்கள்: “வெக்கை, மூன்று நாளில் முடித்தார். அப்பா பாத்திரம் ரொம்பப் பிடித்தது. வசவுச் சொல் உறுத்தவில்லை. அடுத்து பூமணியின் ‘பிறகு’. பெரியதற்குத் தயாரானால் ‘அஞ்ஞாடி’.”